முப்பதாயிரம் ரூபாய்க் கொக்கு

கேமரா வாங்குவதற்கு முன்னால் நான் புகைப்படக் கலையில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். வாங்கிய பிறகுதான் அது போயிற்று.

கேனானா நிக்கானா என்று யாராவது வாயெடுத்தால் போதும், எதிரில் இருப்பவரின் டீ ஆறும்வரை பேசுவேன். கேனானின் சின்ன சென்சாருக்கு லென்ஸின் மில்லிமீட்டரை 1.6-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும், நிக்கானுக்கு 1.5 போதும் என்பேன். 2003-ல் கேனான் 300டி வந்த பிறகுதான் டி.எஸ்.எல்.ஆர். என்ற சாமான் ஆயிரம் டாலருக்குள் இறங்கி நம்மைப் போன்றவர்கள் ஏறிட்டுப் பார்க்கிற உயரத்துக்கு வந்தது என்பேன். எங்கள் ஊர் மண்டைக்காட்டில் இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காதவர்களிடமும் சொன்னேன். மீன் வாங்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறேன். முடிவெட்டப் போன இடத்தில் கத்தரி நிற்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் தேட ஆரம்பித்த நாளில் நிக்கானின் தொடக்கக்காரர் கேமரா டி3200. 2012-ல் வந்தது, 24 மெகாபிக்சல். அதை வாங்கிவிடலாம் என்று மனசு ஒருவழியாக இறங்கி வருகிற நேரத்தில், 2014-ல் டி3300 வந்து நின்றது. அதுவும் 24 மெகாபிக்சல்தான். ஆனால் முந்தையதில் இருந்த லோ பாஸ் ஃபில்டர் இதில் கிடையாது. சென்சாருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய அடுக்கு அது. கட்டம் போட்ட சட்டை, கம்பிவலை மாதிரியான நெருக்கமான கோடுகளைப் படமெடுக்கும்போது இல்லாத அலைக்கோடுகள் தோன்றாமலிருக்கப் படத்தை ஒரு துளி மங்கலாக்கிவிடும். அந்த ஒரு துளி மங்கல் எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. டி3300 கைக்கு வரும்வரை காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் எங்கள் அம்மன் கோயில் மாசிக்கொடை வந்துபோனது, குளச்சல் கடலில் எத்தனையோ அந்திகள் சிவந்து அணைந்தன, அக்காள் மகனுக்கு மீசை முளைத்தது. ஒன்றையும் நான் படமெடுக்கவில்லை. படத்தை மங்கலாக்கும் அடுக்கு இல்லாத கேமராவைத் தேடித் தேடி வாங்கினேன். வாங்கிய பிறகு கையை ஆட்டி நானே மங்கலாக்கிக்கொண்டேன்.

அந்த மெகாபிக்சல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆறுக்கு நாலு அளவில் ஒரு படம் பிரிண்ட் போட 2 மெகாபிக்சல் சொச்சம் போதும். மீதி 22 என்னிடம் சும்மா கிடக்கிறது.

மீசை முளைத்த அந்த மருமகன்தான் ஒரு நாள் கேட்டான்.

“மாமா, இத வச்சு எதப் போட்டோ எடுக்கப் போறிய?”

“எல்லாத்தையும்டே.”

“எல்லாம்னா?”

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. நான் படித்த ஒப்பீடுகளில் எல்லாம் புலி இருந்தது, பனி மூடிய மலை இருந்தது, கூடைப்பந்து ஆடுகிறவர்கள் இருந்தார்கள். மண்டைக்காட்டில் புலி இல்லை. எங்கள் ஊரில் இருப்பது பொங்கிய கடல், அள்ளி வீசும் காற்று, கறுத்த மணல், வியர்த்துக்கொண்டே இருக்கும் பீரோ, ராத்திரிச் சடங்குகள். இவை ஒவ்வொன்றும் கேமராவை என்ன செய்யும் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை.

சீட்டு எடுத்த பணத்தோடு நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் பவ்யமாகத்தான் பேசினான். என் தேர்ச்சியைக் காட்டாமல் வாங்கினால் மரியாதையா? “இதுல லோ பாஸ் ஃபில்டர் இல்லைதானே?” என்று கேட்டேன். பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஃபில்டர் தனியாத்தான் வாங்கணும் சார்” என்று ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். அவனைத் திருத்த வெட்கப்பட்டு அதையும் வாங்கினேன். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சாதாரண யு.வி. ஃபில்டர். ஒரு பை, ஒரு துடைக்கும் துணி, காற்றடித்தால் கும்பிட்டு விழுகிற ஒரு முக்காலி ஆகியவற்றை அவனே சும்மா கொடுத்தான். செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மூன்று கேமராக்களைக் கையில் பிடித்துப் பார்ப்பது. அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து பிடித்தபோது என் சுண்டுவிரலுக்கு அதில் இடமில்லை. இன்றைக்கும் அது காற்றில்தான் நிற்கிறது.

“இதுக்காக்கும் சீட்டு போட்டது?” என்றாள் மனைவி. வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மை அப்படியில்லை. புதுச்சாமான் எதுவானாலும் பகவதியம்மன் சந்தனம் படாமல் புழங்கவிட மாட்டாள். மண்டைக்காட்டு அம்மனே பதினைந்தடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற புற்று. சந்தனக் காப்பில்தான் அவள் முகம் தெரியும். அந்தச் சந்தனம் எங்கள் வீட்டில் டிராக்டருக்கும் மிக்ஸிக்கும் ஒன்றுதான். நான் கை கழுவி வருவதற்குள் அம்மை பெட்டியைத் திறந்து, மூடியைக் கழற்றி, லென்ஸின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

“நெத்தி எதுன்னு தெரியல மக்களே. நடுவுல வச்சேன்.”

வேட்டித் தலைப்பால் துடைத்தேன். லென்ஸைத் துடைக்கக் கூடாத பொருள்களில் வேட்டிக்கு முதலிடம் என்று பிற்பாடு படித்தேன். சந்தனம் மெல்லிய படலமாகப் பரவிக்கொண்டது. யு.வி. ஃபில்டர் பையிலேயே இருந்தது. அதை மாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அன்று எடுத்த படங்களில் மனைவியின் முகத்தைச் சுற்றி ஒரு ஒளி வட்டம் விழுந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சினிமாப் படம் மாதிரி இருக்கிறது என்றார்கள். என் படத்துக்குக் கிடைத்த பாராட்டு இன்று வரை அது ஒன்றுதான். அதுவும் அம்மைக்குச் சேர வேண்டியது.

அடுத்து மணல்.

மண்டைக்காட்டுக்குக் கிழக்கே மணவாளக்குறிச்சி, மேற்கே குளச்சல். இந்தக் கரையில் மணல் பல இடங்களில் கறுப்பாகக் கிடக்கும், ஓரோர் இடத்தில் கார்னெட் கலந்து சிவந்திருக்கும். கறுப்பு, இல்மனைட். கூடவே மோனோசைட்டும் சிர்கானும் ரூட்டைலும் உண்டு. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனோசைட்டை இங்கே கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பு, உள்ளே இருந்த தோரியத்தால். தெருவிலும் வீட்டிலும் எரிந்த கேஸ் விளக்குகளின் வெள்ளை மாண்டில் தோரியத்தால் ஆனது. ஐரோப்பாவுக்கு வெளிச்சம் கொடுத்த மணல் எங்கள் மணல். அதன் மேல் நின்றுகொண்டு எனக்கு வெளிச்சத்தை அளக்கத் தெரியவில்லை.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு ஒரு மூட நம்பிக்கை உண்டு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும். கறுப்பு மணலைக் காட்டினால், ஐயோ வெளிச்சம் போதவில்லை என்று கூட்டி, மணலைச் சிமெண்டாக்கிவிடும். வெள்ளை வேட்டியைக் காட்டினால், வெளிச்சம் அதிகம் என்று குறைத்து அழுக்காக்கிவிடும். இந்தத் தொல்லைக்காகவே கேமராவில் பிளஸ், மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. கறுப்பை எடுத்தால் மைனஸ், வெள்ளையை எடுத்தால் பிளஸ். நான் பொது அறிவைப் பயன்படுத்தி நேர்மாறாகச் செய்தேன். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் நான் எடுத்த படத்தைப் பார்த்துச் சித்தி கேட்டாள்: “ஏன் மக்களே, அன்னைக்கு உங்க சித்தப்பா வேட்டிய வெளுக்கப் போடாமலா உடுத்தாவ?” சித்தப்பா இன்றைக்கும் அந்த வேட்டியைச் சொல்லிக்காட்டுகிறார்.

கையேட்டில் இதெல்லாம் இருந்தது. கேமராவைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்த நான், கேமராவோடு வந்த கையேட்டை மட்டும் படிக்கவில்லை. வாங்காத கேமராவைப் பற்றிப் படிப்பதில் இருக்கிற சுகம் வாங்கியதைப் பற்றிப் படிப்பதில் இல்லை.

முட்டத்துப் பாறைகளில் சூரியன் இறங்குகிற நேரத்தில் எடுக்கக் கற்றுக்கொள்ளாதவன் இந்த மாவட்டத்தில் கேமரா வைத்திருக்கத் தகுதியற்றவன் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’யையும் ‘கடலோரக் கவிதைக’ளையும் அங்கே எடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அப்படித்தான். நானும் போனேன். காற்று ஆளைத் தள்ளியது. பாறையில் உட்கார்ந்து, கிட்டோடு வந்த 18-55 லென்ஸைக் கழற்றி, ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிய நீள லென்ஸை மாட்டினேன். கழற்றிய இடைவெளியில் கேமராவின் வாய் கடலைப் பார்த்துத் திறந்திருந்தது. சும்மா சில நொடிகள்தான். கடலுக்குச் சில நொடிகள் போதும்.

இயற்கைக் காட்சி என்றால் துளையைச் சுருக்கி எஃப் 16-ல் எடு, முன்னும் பின்னும் தெளிவாக வரும் என்பது பாடம். அப்படியே எடுத்தேன். படங்களில் வானத்தின் வலது மூலையில் சில பறவைகள் பறந்தன. தூரத்தில், சற்று மங்கலாக. நான் எடுக்கும்போது அவற்றைப் பார்க்கவில்லை. கலைஞனுக்குத் தெரியாமலேயே கலை நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அதுதான் இது என்று நினைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் காட்டி, கொக்குக் கூட்டம் என்றேன். குளச்சல் போனபோது, 1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்காக நிற்கிற வெற்றித் தூணை எடுத்தேன். அதற்கு மேலேயும் கொக்குகள். மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு மேலேயும் கொக்குகள். மருமகன்தான் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

“மாமா, இந்தக் கொக்கு ஒரே இடத்துலயாக்கும் பறக்கு.”

பிறகு வீட்டு வெள்ளைச் சுவரை எடுத்துக் காட்டச் சொன்னான். சுவரிலும் அதே மூலையில் பறந்தன.

சென்சாரின் மேல் தூசி உட்கார்ந்தால் துளையை அகலத் திறந்து எடுக்கும்போது தெரியாது. எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கச் சுருக்கத்தான் அதன் நிழல் கரும்புள்ளியாகத் திரண்டு வரும். அந்த மூலையை அதற்கென்று இருக்கிறவர்களிடம் கொடுத்துத் துடைக்க ஆன செலவையும், லென்ஸ் இரவல் தந்தவனுக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணியையும் கூட்டினால், அந்தக் கொக்குகளை உயிரோடு வாங்கி வளர்த்திருக்கலாம்.

லென்ஸ் ஒன்று சொந்தமாக வாங்கினால் இரவல் தொல்லை இல்லை என்று அடுத்து யோசித்தேன். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் தொடக்கக்காரர் எவரும் வைத்திருக்க வேண்டியது என்று உலகம் முழுவதும் சொல்கிறார்கள். உண்மைதான். இருட்டில் எடுக்கலாம், பின்னணி உருகிப்போகும், விலையும் குறைவு. நிக்கானில் அது இரண்டு வகை. பெயரின் கடைசியில் ‘ஜி’ என்று முடிவது ஒன்று, ‘டி’ என்று முடிவது ஒன்று. டி விலை இன்னும் குறைவு. ஒரு எழுத்துக்கு எதற்கு அவ்வளவு பணம் என்று டி-யை வாங்கினேன். டி வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்களுக்குள் அந்த மோட்டார் கிடையாது. இது ஒளித்துவைத்த ரகசியமும் அல்ல, எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. நான் லோ பாஸ் ஃபில்டரைப் பற்றிப் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கம். லென்ஸை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை. கையால் திருப்பி எடுக்கலாம்தான். நான் திருப்பி முடிப்பதற்குள் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அ. மாதவையாவின் மகன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தே பேர் வாங்கியவர். ஓர் இடத்துக் கேமரா உடம்பையும் வேறோர் இடத்து லென்ஸையும் தாமே ஒட்டுப்போட்டு, ஆளை அழுத்துகிற கனத்தில் ஒரு கருவி செய்து, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்துக்கொண்டு யானைக்கு எதிரில் நடந்திருக்கிறார். ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றைப் பொருத்தியவர் அவர். ஒரே கம்பெனிக் கேமராவையும் ஒரே கம்பெனி லென்ஸையும் வாங்கிப் பொருந்தாமல் செய்தவன் நான். அவருக்கும் முன்னால், 1858-ல், லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 காகித நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நொடிக்கு ஐந்து படம் எடுக்கிற கேமரா என்னுடையது. 21 படம் எடுக்க எனக்குக் கும்பிட்டுக் கைகூப்புகிற நேரம்கூட ஆகாது. அவற்றை எங்கே ஒட்டுவது என்பதுதான் பிரச்சினை.

இனி மாசிக்கொடை.

மண்டைக்காட்டுக் கொடை பத்து நாள். மாசி மாதத்துக் கடைசிச் செவ்வாயோடு முடிகிற மாதிரி கொடியேறும். கேரளத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். பெண்களின் சபரிமலை என்று பெயரே உண்டு. கோயிலைச் சுற்றிப் பொங்கல் அடுப்புகள், தென்னந்தோப்பெல்லாம் புகை, கடலில் கால் நனைத்துவிட்டு ஈரச் சேலையோடு வருகிற கூட்டம், வளையல் கடை, மண்டையப்பம் வேகிற வாசம். தலைவலி தீர அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பது வழக்கம். பகல் முழுக்க எனக்கு ஒரு பழுதும் நேரவில்லை. புகையில் எல்லாப் படங்களும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன, அவ்வளவுதான்.

கடைசி நாள் நடுராத்திரி ஒடுக்கு பூஜை. அம்மனுக்கான பதார்த்தங்களைச் சாஸ்தா கோயிலில் வைத்துச் சமைத்து, பூசாரிகள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மண்பானைகளைத் தலையில் ஏந்தி, வெள்ளைத் துணி மூடி வரிசையாகக் கொண்டுவருவார்கள். அந்த நேரத்தில் அத்தனை கூட்டமும் வாய் திறக்காது. மேளம் இல்லை, மைக் இல்லை, குரவை இல்லை, குழந்தைகூட அழாது. பக்கத்தில் கடல் இருக்கிறது என்பதே அந்த நேரத்தில்தான் காதுக்குத் தெரியும்.

நான் தூரத்தில், கூட்டத்தின் விளிம்பில்தான் நின்றேன். கோயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோகக் கூடாது என்கிற புத்தி இருந்தது. இங்கிருந்து, ஆள்களின் தலைகளுக்கு மேலாக, சத்தமில்லாமல் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். கேமராவின் முறை மாற்றும் சக்கரத்தை ஆட்டோவில் வைத்திருந்தேன். இருட்டில் எல்லாவற்றையும் நானே திருப்ப வேண்டிய எம்-இல் வைத்து வம்பு எதற்கு?

பொத்தானைப் பாதி அழுத்தினேன். இருட்டாக இருக்கிறது, குறிபார்க்க முடியவில்லை என்று கேமராவின் நெற்றியிலிருந்து ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. முன்னால் நின்ற பெண்ணின் கொண்டையும் அதிலிருந்த பிச்சிப்பூவும் பளிச்சென்று தெரிந்தன. குறி கிடைத்துவிட்டது என்பதைத் தெரிவிக்கக் கேமரா ‘பீப் பீப்’ என்றது. அதற்குள் ஃபிளாஷ், யாரும் கேட்காமலே, ‘டக்’ என்று மேலே எழுந்து நின்றது. விரலை எடுத்திருக்கலாம். பதற்றத்தில் முழுவதுமாக அழுத்திவிட்டேன். டி.எஸ்.எல்.ஆர். என்பதன் உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வருகிற காட்சியை நம் கண்ணுக்கு அனுப்புவது அதுதான். படமெடுக்கும் நொடியில் அது மேலே தூக்கிக்கொண்டு, முடிந்ததும் கீழே விழும். டீக்கடையில் அந்தக் கண்ணாடியைப் பற்றி நான் சொற்பொழிவே செய்திருக்கிறேன். அதற்குச் சத்தம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஊரே கேட்டது.

ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு மூன்று நான்கு மீட்டர் போகும். ஆகவே பானையும் பூசாரியும் படத்தில் இல்லை. முன்வரிசைக் கொண்டைகளும், திரும்பிப் பார்க்கிற சில முகங்களும் சுண்ணாம்பு பூசின வெள்ளையில் இருந்தன. அந்த முகங்களை நான் இனி மறக்க வழியில்லை. ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முடியாது. அந்த அமைதியைக் கெடுத்தவனைத் திட்டினால் அமைதி இன்னும் கெடும். அம்மன் சந்நிதியில் எனக்கு அந்தச் சடங்கே காவலாக நின்றது. பானைகள் உள்ளே போய், குரவை எழுந்து, கூட்டம் பேச ஆரம்பித்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக முடிக்கிறேன்: பிச்சிப்பூ வைத்திருந்த அந்தப் பெண்மணி எனக்குத் தூரத்து உறவில் மைனி முறை. முறை இருப்பதால் வசவிலும் உரிமை இருந்தது.

அந்தக் கேமராவிலேயே ‘பீப்’ சத்தத்தை நிறுத்த வழி இருந்தது. கண்ணாடி மெதுவாக இறங்குகிற அமைதி முறையும் இருந்தது. ஃபிளாஷ் எழாத முறை, ஆட்டோவுக்குப் பக்கத்துப் படமாகவே சக்கரத்தில் இருந்தது. கையேடு, பக்கத்தோடு சொல்லும்.

கடற்கரையில் ஆள்களைப் படமெடுக்கப் போனதில் இவ்வளவு சத்தம் இல்லை, ஆனால் அது இன்னும் உறுத்துகிறது. ஒரு காலையில் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்து எடுத்தேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி நிமிராமலே கேட்டாள்.

“நீ எந்தப் பேப்பரு?”

“பேப்பர் இல்லக்கா. சும்மா.”

“சுனாமிக்கப் பொறவு நெறைய பேரு வந்து எடுத்தாவ. எல்லாரும் பேப்பரு. சும்மா எடுக்கதுக்கா இம்புட்டுப் பெரிய சாமான்?”

2004 டிசம்பர் 26-ல் குளச்சலும் கொட்டில்பாடும் இழந்தது எவ்வளவு என்று இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. அதற்குப் பிறகு வந்த கேமராக்களை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. மூடியை மாட்டிக்கொண்டு கயிற்றின் கடைசியில் ஒரு கை கொடுத்தேன். கயிறு இழுக்கவும் எனக்கு வரவில்லை. ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

கேமரா பீரோவுக்குள் போனது அதற்குப் பிறகுதான். கோபத்தில் அல்ல, மழையால். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே வந்து நனைக்கிற மாவட்டம் எங்களுடையது. காயவைக்க நேரம் கொடுக்காது. மறுபடி வெளியே எடுத்தபோது லென்ஸுக்குள், கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், எட்டுக்கால் பூச்சி வலை பின்னின மாதிரி மெல்லிய இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சை. பட்டுச் சேலைகளுக்கு நடுவில், இருட்டில், காற்றில்லாமல், தோல் உறைக்குள் வைத்திருந்தேன். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வளர்ப்புத் தந்தை கிடைக்க மாட்டான். ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதத்துக்குள் இருந்தால் லென்ஸுக்கு நல்லது. கடலோரத்தில் அதற்கு வேண்டியது காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மானி ஒன்று. எல்லாம் சேர்த்தும் அந்த யு.வி. ஃபில்டர் விலைதான் வரும். அரிசிப் பானைக்குள் வைத்தால் போதும் என்று அம்மை சொன்னாள். வைத்தேன், தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொண்டது. நீலச் சிலிகா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அதைச் சமைக்கிற சட்டியில் போட்டு வறுக்கக் கூடாது என்பதை மனைவி எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் இங்கே அச்சேறாது.

இப்போது ஊரில் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். அதுதான் வேடிக்கை. நன்றாக எடுக்கிறவனிடம் யாரும் போவதில்லை. அவன் படமெடுக்கப் போய்விடுகிறான். வருகிறவர்களிடம் முதலில், இந்தக் கண்ணாடி வைத்த கேமராவின் காலமே முடிந்துவருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நிக்கான் 2018-லேயே கண்ணாடி இல்லாத இசட் வரிசைக்கு மாற ஆரம்பித்துவிட்டது. 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் தன் கடைசி முதல்தர டி.எஸ்.எல்.ஆர். என்று கேனான் 2021-ல் சொல்லிவிட்டது. எல்லோரும் மாறுகிற இந்த நேரத்தில் பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் நல்ல நிலையில் சகாயமாகக் கிடைக்கின்றன, கற்றுக்கொள்ளுகிறவனுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது என் முடிவு. டி3200-ஆ டி3300-ஆ, கேனானா நிக்கானா என்பதில் ஒரு நிமிஷத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அந்த நிமிஷத்தையும் எது கைக்கு அடங்குகிறது என்று பிடித்துப் பார்க்கச் செலவிடலாம். வாங்குமுன் எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுத்துக் கொக்கு பறக்கிறதா பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்து இழை ஓடியிருக்கிறதா பார்க்க வேண்டும். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற ஷட்டர் கணக்கைக் கேட்க வேண்டும்; தொடக்கக்காரர் கேமராக்களில் லட்சத்துக்குப் பக்கம் போயிருந்தால் விட்டுவிடலாம். மிச்சப் பணத்தில் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. ஜி வகை. எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைக் கேமராவுக்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும்.

மருமகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கேமரா வாங்கவில்லை. போனில் எடுக்கிறான். போன கொடையில் அவன் எடுத்த பொங்கல் அடுப்புப் படத்தைத்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறது. சட்டம் போட்டது என் செலவு.

கடைசியாக ஒரு விஷயம். அந்த 50 மில்லிமீட்டர் டி லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கீறல் இல்லை, பூஞ்சை இல்லை, சந்தனம் படவில்லை. டி90, டி7000, டி7200, டி750 மாதிரி உள்ளே மோட்டார் இருக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் யாரானாலும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். நேரில் வர வேண்டும். மாசிக்கொடை சமயத்தில் வந்தால் மண்டையப்பம் வாங்கித் தருகிறேன்.